நம் பிள்ளைகளும் விடுபட்ட தடுப்பூசிகளும்



2017ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்து ஞாயிறு ஒன்றில், இரண்டாம் திருப்பலி முடிந்து நாம் கோவில் வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அப்போது ஒரு தாய் தம் கைபேசியை நம்மிடம் நீட்டினார். தமிழகப் பள்ளிகளில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டால் பெண்பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்று யாரோ பேசிய குரல்பதிவு வாட்ஸ்அப் வழியாக அவருக்கு வந்திருந்தது. "சாமி, நாளைக்குப் பள்ளிக்கூடத்துல பாப்பாவுக்குப் போடுறாங்களாம். போடலாமா, வேண்டாமா?" என்று கேட்டார். அவருடைய மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

நாம் மருத்துவர் அல்லர். தெரியாத ஒன்றில் தலையிட்டு, நாளை ஏதேனும் நேர்ந்தால் பழி நம்மீது விழுமே என்ற எண்ணமும் உள்ளுக்குள் இருந்தது. "உங்களுக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யுங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். விவேகமான பதில் என்றே அன்று எண்ணினோம். மறுநாள் அந்தச் சிறுமி பள்ளிக்குப் போகவில்லை. அவளைப்போல் இன்னும் பல பிள்ளைகளும் அன்று பள்ளிக்கு வரவில்லை என்று பின்னர் கேள்விப்பட்டோம்.

ஏழு ஆண்டுகள் கழித்து, வேறொரு பங்கில் பணியாற்றிக்கொண்டிருந்த நமக்கு அதே தாயிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மகளுக்குத் திருமணமாகி, மூன்றாவது மாதம். திடீரென்று காய்ச்சல், உடம்பெல்லாம் சிவப்புத் தடிப்பு. ரூபெல்லாவாக இருக்கலாம் என்று மருத்துவர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். "சாமி, செபம் பண்ணுங்க" என்றார். 2017ஆம் ஆண்டைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவர் சொல்லாததுதான் நம்மை அதிகம் வருத்தியது.

முடிவு வர நான்கு நாட்கள் ஆயின. அது ரூபெல்லா அல்ல. குழந்தையும் பின்னர் நலமாகப் பிறந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் உடலில் ரூபெல்லாவுக்கு எதிரான பாதுகாப்பு சிறிதும் இல்லை என்பதையும் பரிசோதனை காட்டியது. கருவுற்றிருக்கும்போது அந்த ஊசியைப் போடக் கூடாது என்பதால், மகப்பேறு வரை அவர் அச்சத்தோடுதான் நாட்களைக் கழித்தார். பதினான்கு வயதில் பள்ளியிலேயே கிடைத்திருக்க வேண்டிய பாதுகாப்பு அது.

அந்த நான்கு நாட்களுக்குப் பிறகுதான் தடுப்பூசியைப் பற்றி முறையாக அறிந்துகொள்ள நாம் முயன்றோம். நம் பங்கு எல்லையிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்குச் சென்று கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டோம். மருத்துவர்களிடம் கேட்டோம். கற்றுக்கொண்டவற்றை உங்களோடு பகிர்ந்துகொள்வது நம் கடமை என்று எண்ணுகிறோம்.

ரூபெல்லா என்ன செய்யும்?

ரூபெல்லா சிறுபிள்ளைகளுக்கு வந்தால் பெரும்பாலும் லேசான காய்ச்சலும் தடிப்புமாக வந்து போய்விடும். ஆனால் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் ஒரு பெண்ணுக்கு அது வந்தால், கரு கலைந்துபோகலாம். அல்லது கண்புரை, காது கேளாமை, இதயக் கோளாறு ஆகியவற்றோடு குழந்தை பிறக்கலாம். ஆகவே இந்த ஊசி, போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு மட்டுமன்று, அந்தப் பிள்ளை நாளை பெற்றெடுக்கப்போகும் குழந்தைக்கும் சேர்த்தே போடப்படுகிறது. குழந்தை பிறக்காமல் செய்துவிடும் என்று வதந்தி சொன்ன அதே ஊசிதான், பிறக்கும் குழந்தையைக் காக்கிறது.

அதனுடன் சேர்த்துத் தரப்படும் தட்டம்மை ஊசியும் முக்கியமானது. மணல்வாரி என்று நம் பெரியவர்கள் சொல்லும் தட்டம்மை, தொற்றுநோய்களில் மிக வேகமாகப் பரவுவது. பாதுகாப்பில்லாத ஒரு கூட்டத்தில் ஒரு நோயாளியிடமிருந்து 12 முதல் 18 பேர் வரை நோய் பெறுவர். எனவேதான் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 95 பேராவது இரண்டு தவணைகளும் பெற்றிருந்தால்தான் ஊருக்குப் பாதுகாப்பு என்கிறார்கள். எஞ்சிய ஐந்து பேரில் ஊசி போடும் வயதை எட்டாத கைக்குழந்தையும் இருக்கும். புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் ஊசி போட முடியாத பிள்ளையும் இருக்கும். அவர்களை மற்ற 95 பேரும் சேர்ந்தே காக்கிறார்கள்.

2017 முகாம், ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரை உள்ளவர்களுக்காக நடத்தப்பட்டது. தமிழகத்தோடு கர்நாடகம், கோவா, புதுச்சேரி, இலட்சத்தீவு ஆகியவற்றிலும் அது முதலில் தொடங்கியது. பிப்ரவரியோடு முடிவதாக இருந்த முகாம், வதந்திகளால் தமிழகத்தில் மார்ச் மாதத்துக்கும் நீட்டிக்கப்பட்டது. நம்மைப் போன்றவர்கள் வாய் திறக்காததும் அந்தத் தாமதத்துக்கு ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தமிழகம் ஏறி இறங்கிய கதை

தடுப்பூசி போடுவதில் தமிழகம் முன்னோடி மாநிலம் என்று நாம் பெருமைப்படுவதுண்டு. ஆனால் தேசிய குடும்ப நல ஆய்வின் எண்கள் நம்மைச் சற்று நிறுத்திச் சிந்திக்க வைக்கின்றன. 12 முதல் 23 மாத வயதுள்ள குழந்தைகளில் அடிப்படைத் தடுப்பூசிகள் அனைத்தையும் பெற்றவர்கள் 2005-06 ஆய்வில் 80.9 விழுக்காடு. 2015-16 ஆய்வில் அது 69.7 விழுக்காடாகக் குறைந்தது. 2019-21 ஆய்வில் 89.2 விழுக்காடாக உயர்ந்தது. அதாவது, பத்தாண்டுகளில் நாம் முன்னேறுவதற்குப் பதிலாகப் பின்னோக்கிப் போனோம். பிறகு மீண்டும் எழுந்தோம்.

ஏன் இறங்கினோம்? பல காரணங்கள் உண்டு. அவற்றுள் ஒன்று மிகத் துயரமானது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போடப்பட்ட நான்கு குழந்தைகள் இறந்தனர். அந்தப் பெற்றோரின் கண்ணீரை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. அதற்குப்பின், இனி இப்படி நேரக் கூடாது என்ற நல்ல எண்ணத்தோடு, ஊசி போடும் பணி கிராமத்துத் துணை மையங்களிலிருந்தும் அங்கன்வாடிகளிலிருந்தும் மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு மாற்றப்பட்டது.

இந்த மாற்றம் ஓர் ஏழைத் தாய்க்கு என்ன பொருள் தந்தது என்று எண்ணிப் பாருங்கள். முன்பு கைக்குழந்தையை இடுப்பில் வைத்துத் தெருக்கோடிக்கு நடந்து போனவர், இப்போது பேருந்து ஏற வேண்டும். வரிசையில் காத்திருக்க வேண்டும். ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். முதல் தவணைக்குப் போவார், இரண்டாவதற்கும் போவார். மூன்றாவது தவணை நாற்று நடவு நாளில் வந்தால்? "அடுத்த வாரம் பார்த்துக்கலாம்" என்பார். அந்த அடுத்த வாரம் வராமலே போய்விடும். பின்னாளில் ஊசி மீண்டும் கிராமத்துக்கு வந்தது. விடுபட்ட பிள்ளைகளைத் தேடிச் செல்லும் இந்திரதனுஷ் இயக்கத்தையும் நடுவண் அரசு 2014 டிசம்பரில் தொடங்கியது.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. ஊசி போடாத பெற்றோரை நாம் எளிதாக அறியாதவர்கள், பிடிவாதக்காரர்கள் என்று முத்திரை குத்திவிடுகிறோம். நாம் கண்டவரையில், வேண்டாம் என்று உறுதியாக மறுப்பவர்கள் சிலரே. தூரத்தாலும் வேலையாலும் மறதியாலும் விடுபட்டவர்களே பலர். ஒரு சிறு அச்சத்துக்குப் பதில் கிடைக்காமல் தயங்கி நின்றவர்களும் அவர்களுள் உண்டு. யாராவது ஒருவர் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டிருந்தால் வந்திருப்பார்கள்.

செவிலியரின் நோட்டுப் புத்தகம்

நாம் சந்தித்த கிராம சுகாதார செவிலியரிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தது. எந்தெந்தக் குழந்தைக்கு எந்த வாரம் எந்த ஊசி என்பதை அவர் தம் கைப்பட எழுதி வைத்திருந்தார். புதன்கிழமை ஊசி நாள். செவ்வாய் மாலையே பட்டியலிலுள்ள வீடுகளுக்குத் தொலைபேசியில் சொல்லிவிடுவார். புதனன்று வராதவர்களின் பெயரைச் சுற்றி வட்டமிடுவார். வியாழனன்று அந்த வீட்டுக்கே நடந்து போவார். "கணினியிலயும் பதியுறோம் சாமி. ஆனா வீட்டு வாசல்ல போய் நின்னாத்தான் ஏன் வரலைன்னு தெரியும்" என்றார்.

அவர் செய்வதையே உலகளாவிய ஆய்வுகளும் உறுதிப்படுத்துகின்றன. தவணை நாளை முன்கூட்டியே நினைவூட்டுவதும், தவறவிட்டவர்களைத் திரும்ப அழைப்பதும் எவ்வளவு பயன் தருகின்றன என்பதை ஆராய்ந்த காக்ரேன் தொகுப்பு 2018இல் வெளிவந்தது. இந்த முயற்சியால் தடுப்பூசி பெறுவோர் சராசரியாக 8 விழுக்காட்டுப் புள்ளிகள் கூடுகின்றனர் என்று அது கண்டது. ஒரு தொலைபேசி அழைப்பு, ஓர் அஞ்சலட்டை, ஒரு குறுஞ்செய்தி போதும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் கவனிக்க வேண்டிய வேறு சிலவும் உண்டு.

முதலாவது, வந்த பிள்ளையை வெறுங்கையோடு திருப்பி அனுப்பாமை. சளி, லேசான காய்ச்சல், வயிற்றுப்போக்கு ஆகியவை பொதுவாக ஊசியைத் தள்ளிப்போடக் காரணங்கள் அல்ல. ஆயினும் "சளி சரியானதும் வாங்க" என்று அனுப்பப்படும் பிள்ளைகள் பலர். மருந்துக்கோ காயத்துக்கோ பிள்ளை வரும்போதெல்லாம் அட்டையைப் பார்த்து, விடுபட்டது ஏதேனும் இருந்தால் அன்றைக்கே போட்டுவிடுவது சிறந்த வழி.

இரண்டாவது, குப்பியைத் திறக்கத் தயங்காமை. தட்டம்மை-ரூபெல்லா மருந்து ஒரு குப்பியில் பல தவணைகளாக வருகிறது. திறந்து கரைத்தபின் நான்கு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். மீதியைக் கொட்டிவிட வேண்டும். வீணாகுமே என்று நினைத்து, "இன்னும் நாலு பிள்ளைங்க சேரட்டும்" என்று காக்க வைப்பது உண்டு. ஆனால் ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறக்கலாம் என்பதே விதி. கொட்டிய மருந்தைவிட, திரும்பிப் போன பிள்ளையே பெரிய இழப்பு.

மூன்றாவது, சொல்ல வேண்டியதைச் சொல்லி அனுப்புதல். எந்த ஊசி போடப்பட்டது, அது எந்த நோயைத் தடுக்கும்; காய்ச்சலோ வீக்கமோ வந்தால் என்ன செய்வது; அடுத்து எப்போது வர வேண்டும்; அட்டையைப் பத்திரமாக வைத்து மறுமுறை கொண்டுவர வேண்டும் - இந்த நான்கையும் ஒவ்வொரு தாயிடமும் சொல்வது ஊசி போடுபவரின் கடமை. ஊசி போட்ட இரவு பிள்ளை காய்ச்சலில் அழும்போது, 'இப்படி வரும், இரண்டு நாளில் போய்விடும்' என்று முன்பே அறிந்த தாய் பயப்பட மாட்டார். அறியாத தாய் அடுத்த தவணைக்கு வரமாட்டார். போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே இருக்கச் சொல்வதும், அரிதாக நேரும் ஒவ்வாமையை உடனே கவனிப்பதற்காகத்தான்.

பள்ளிப் பிள்ளைகளை மறந்துவிடுகிறோம்

மேலே சொன்ன 89.2 விழுக்காடு என்பது கைக்குழந்தைகளின் கணக்கு மட்டுமே. தடுப்பூசி ஒன்பது மாதத்தோடு முடிந்துவிடுவதில்லை. ஒன்றரை வயதில் இரண்டாம் தவணை தட்டம்மை-ரூபெல்லா ஊசியும், கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி ஆகியவற்றுக்கான ஊக்கத் தவணையும் உண்டு. ஐந்து வயதில் இன்னொன்று. பத்து வயதிலும் பதினாறு வயதிலும் ரண ஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்குமான ஊசி. உங்கள் வீட்டில் பத்தாவது, பதினொன்றாவது படிக்கும் பிள்ளைக்கு அது போடப்பட்டதா? நம் மறைக்கல்வி வகுப்பில் இதைக் கேட்டபோது, பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பெற்றோருக்கும் தெரியவில்லை.

இதனால் வரும் இடர் கற்பனை அன்று. 2016இல் அண்டை மாநிலமான கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் தொண்டை அடைப்பான் பரவியது. தாக்கப்பட்டவர்களில் பலர் பள்ளி செல்லும் பிள்ளைகள், உயிரிழப்பும் நேர்ந்தது. நம் தாத்தா காலத்து நோய் என்று நாம் நினைத்தது, ஊசி விடுபட்ட இடம் பார்த்துத் திரும்பி வந்தது.

வளரிளம் பெண்பிள்ளைகளுக்கு இன்னொரு தடுப்பூசியும் உண்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய் நம் நாட்டுப் பெண்களை அதிகம் தாக்கும் புற்றுநோய்களில் ஒன்று. எச்.பி.வி. என்ற வைரசே ஏறத்தாழ எல்லா நேர்வுகளிலும் அதற்குக் காரணம். 9 முதல் 14 வயதுக்குள் இந்த ஊசியைப் போட்டால் பாதுகாப்பு மிகுதி என்று உலக நலவாழ்வு அமைப்பு கூறுகிறது. ஓரிரு தவணைகளே போதும் என்றும் 2022இல் அறிவித்தது. புனேயிலுள்ள சீரம் நிறுவனம் தயாரித்த 'செர்வாவேக்' என்ற இந்தியத் தடுப்பூசி 2023 ஜனவரியில் வெளியிடப்பட்டது. உங்கள் பகுதியில் இது எங்கே, எப்படிக் கிடைக்கும் என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இந்த ஊசியைப் பற்றி ஒரு தந்தை நம்மிடம் சற்றுக் கோபமாகவே கேட்டார்: "என் மகளை ஒழுக்கமாத்தானே சாமி வளர்க்கிறேன், அவளுக்கு எதுக்கு இது?" அவருடைய வேதனை நமக்குப் புரிந்தது. ஆனால் இது பிள்ளையின் ஒழுக்கத்தைச் சந்தேகிக்கும் ஊசி அன்று. ஒழுக்கமாக வாழ்ந்து மணம் முடித்த பெண்ணுக்கும், கணவர் வழியாக அவரே அறியாமல் இந்த வைரஸ் வரலாம். வைரஸ் உடலுக்குள் வருவதற்கு முன்பே போட்டால்தான் முழுப் பயன் என்பதாலேயே சிறுவயதில் போடச் சொல்கிறார்கள்.

மனச்சான்று எழுப்பும் கேள்வி

கத்தோலிக்கப் பெற்றோர் சிலர் நேர்மையோடு கேட்கும் கேள்வி ஒன்றையும் நாம் ஒதுக்கிவிடக் கூடாது. ரூபெல்லா தடுப்பூசி தயாரிக்கப் பயன்படும் செல் வரிசைகள், 1960களில் கருக்கலைப்பு செய்யப்பட்ட கருவிலிருந்து எடுக்கப்பட்டவை அல்லவா? ஆம், உண்மைதான். திரு அவை இதை மூடி மறைக்கவில்லை. பாப்பிறை வாழ்வுக் கழகம் 2005இலும், மீண்டும் 2017இலும் இதை ஆராய்ந்து பதில் தந்தது. கருக்கலைப்பு எந்நாளும் தீமையே. அத்தகைய தொடர்பில்லாத மருந்துகளைத் தயாரிக்க வலியுறுத்துவதும் நம் கடமையே. ஆனால் இன்று அந்த ஊசியைப் போட்டுக்கொள்ளும் பெற்றோர் அன்று நடந்த தீமையில் பங்கு பெறுவதில்லை. அமைதியான மனச்சான்றோடு போடலாம் என்பதே அதன் முடிவு. கோவிட் தடுப்பூசிகள் பற்றி விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் 2020 டிசம்பரில் வெளியிட்ட குறிப்பும் இதே வழியில் சென்றது. கருவிலிருக்கும் குழந்தையை ரூபெல்லாவிடமிருந்து காப்பதும் உயிரைக் காக்கும் பணிதான் என்பதை நாம் மறக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை

நம் பங்கில் இப்போது மூன்று எளிய காரியங்களைச் செய்துவருகிறோம். திருமுழுக்குக்குப் பெயர் பதிய வரும் பெற்றோரிடம் தாய்-சேய் நல அட்டையையும் கொண்டுவரச் சொல்கிறோம். அதைக் காட்டினால்தான் திருமுழுக்கு என்பதில்லை. அடுத்த தவணை எப்போது என்று சேர்ந்து பார்ப்பதற்கே. ஆண்டுக்கு ஒருமுறை, மறைக்கல்வி தொடங்கும் வாரத்தில், பத்து வயதும் பதினாறு வயதும் நிறைந்த பிள்ளைகளின் பட்டியலைப் பெற்றோரின் ஒப்புதலோடு செவிலியரிடம் தருகிறோம். செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் குடும்பங்களை அன்பியப் பொறுப்பாளர்கள் கேட்டறிந்து சொல்கிறார்கள். எந்தப் பட்டியலிலும் பெயர் இல்லாதவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

உங்களிடம் கேட்பது இவ்வளவே. இன்றிரவு அலமாரியில் எங்கோ கிடக்கும் அந்த அட்டையைத் தேடி எடுங்கள். எந்தக் கட்டம் காலியாக இருக்கிறது என்று பாருங்கள். அட்டை தொலைந்திருந்தாலும் கவலை வேண்டாம். வரும் புதன்கிழமை செவிலியரிடம் சென்று சொன்னால், பிள்ளையின் வயதுக்கேற்ப எதைப் போடலாம் என்று அவர் வழிகாட்டுவார். அச்சம் இருந்தால் மறைக்காமல் கேளுங்கள். கேட்பது குற்றமன்று.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டுக் காணாமற்போன ஒன்றைத் தேடிப்போன ஆயனைப் பற்றி நாம் எத்தனையோ மறையுரைகள் ஆற்றியிருக்கிறோம். நம் பகுதியில் பெயரைச் சுற்றி வட்டமிட்டு, வெயிலில் அந்த வீட்டுக்கு நடந்துபோகும் செவிலியர் அதைச் சொல்லாமலே செய்துகொண்டிருக்கிறார்.

சென்ற மாதம் ஓர் இளம் தாய் திருப்பலி முடிந்து வந்து, தம் ஒன்பது மாதக் குழந்தையைக் காட்டி, "சாமி, அம்மை ஊசி போடச் சொல்றாங்க, போடலாமா?" என்று கேட்டார். "போடுங்கம்மா. புதன்கிழமை காலையிலேயே போயிடுங்க" என்றோம். வியாழனன்று, போட்டாயிற்றா என்று கேட்டு நாமே அவருக்குத் தொலைபேசி செய்தோம்.